எபிஸ்கோபல் சர்ச்ல "யார் வேணா வரலாம்"னு கூப்பிடறாங்களே, அது நிஜமா? இந்துவான என் மனைவி திருவிருந்துக்குப் போகலாமா?

கேள்விய முதல்ல என் வார்த்தைல ஒரு தடவ சொல்லிடறேன், ஏன்னா இங்க வந்த பதில்ல பாதி "எபிஸ்கோபல்காரங்க வேதத்த விட்டு விலகிட்டாங்க", "இல்ல அவங்கதான் நிஜமான கிறிஸ்தவங்க"ன்னு சண்டையாவே போயிட்டு இருக்கு, நீங்க கேட்டது அது கிடையாது. நீங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி இந்துக் குடும்பத்துப் பொண்ணு, ஆறு வயசுல ஒரு மகள், அவளுக்கு ஊர்லயே ஞானஸ்நானம் ஆயிடுச்சு. வேலைக்காக சான் பிரான்சிஸ்கோ வந்து வீட்டுப் பக்கத்துல இருந்த எபிஸ்கோபல் சர்ச்சுக்கு ஒரு ஞாயித்துக்கிழம போயிருக்கீங்க. அங்க பாதி ஆராதனைய சபையாரே நடத்தறாங்க, ஜெபத்துல ஆளாளுக்கு எந்திரிச்சு பேர் சொல்றாங்க, திருவிருந்து நேரத்துல, அதாவது அப்பமும் திராட்சரசமும் குடுக்கறப்போ, "யாரா இருந்தாலும் வாங்க"ன்னு குருவானவர் கைய விரிச்சு கூப்பிட்டார், உங்க மனைவி போகவா வேண்டாமான்னு உங்க முகத்த பாத்தாங்க, உங்களுக்கும் தெரியல. அதனால மூணு விஷயம் கேட்டிருக்கீங்க: அங்க நடக்கறது என்ன, மனைவி வாங்கலாமா, இந்த வரவேற்பெல்லாம் நிஜமா இல்ல கூட்டம் குறையுதுன்னு ஆள் பிடிக்கற வேலையா. இந்த மூணுக்கும் அடியில ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது, நாங்க மூணு பேரும் பிரியாம ஒண்ணா போயி நிக்கற மாதிரி ஒரு இடம் அதுவா அப்படிங்கறதுதான் அது.

நான் குருவானவர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். நாசரேத் பக்கம் சிஎஸ்ஐல வளந்தேன், இறையியல் படிச்சேன், அதுல வழிபாட்டு வரலாறுதான் எனக்குப் பிடிச்ச பாடம், அப்புறம் பொழப்பு வேற பக்கம் இழுத்துட்டு வந்துடுச்சு. இப்போ கலிபோர்னியால ஒரு எபிஸ்கோபல் சபைல பல வருஷமா வேதபாடம் வாசிக்கறது, திருவிருந்துல திராட்சரசப் பாத்திரம் கொடுக்கறது, வாசல்ல நின்னு புலெட்டின் (அன்னிக்கு ஆராதனையோட அச்சடிச்ச தாள்) குடுக்கறதுன்னு இருக்கேன். அதனால புத்தகத்துல என்ன எழுதியிருக்கு, சபைல நிஜமா என்ன நடக்குதுன்னு ரெண்டும் கொஞ்சம் தெரியும். உங்க வீட்டு முடிவு என் கைல இல்ல, குருவானவர் கைலயும் இல்ல.

சந்தேகமே இல்லாத விஷயத்துல இருந்து ஆரம்பிக்கறேன். நீங்க தாராளமா திருவிருந்து எடுக்கலாம், யார்கிட்டயும் லெட்டர் வாங்கிட்டு வர வேண்டாம், உறுப்பினர் ஆக வேண்டாம். 1947 செப்டம்பர் 27 அன்னிக்கு மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்து ஆன சபைதான் நம்ம சிஎஸ்ஐ, இன்னிக்கு அது ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல, அதாவது இங்கிலாந்து சபை வழில வந்த சபைங்களோட உலகக் குடும்பத்துல, முழு அங்கம். எபிஸ்கோபல் சர்ச்ங்கறது அதே ஐக்கியத்தோட அமெரிக்கக் கிளை. அதாவது நீங்க வேற வீட்டுக்குப் போகல, பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கீங்க. உங்க மகளும் வாங்கலாம். நம்ம ஊர்ல திடப்படுத்தல் (வளந்த பிறகு பிஷப் கை வெச்சு விசுவாசத்த உறுதிப்படுத்தறது) ஆனாத்தான் திருவிருந்து, இங்க ஞானஸ்நானம் ஆயிருந்தா போதும், 1979 ஜெபப் புத்தகம் (எபிஸ்கோபல் சபையோட ஆராதன முறை எல்லாம் இருக்கற புத்தகம்) வந்த பிறகு கைக்குழந்தைக்குக்கூட அப்பத்துல ஒரு துளி குடுக்கறத நீங்க பாக்கலாம். மகளுக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அப்பா அம்மா நீங்க ரெண்டு பேரும், அங்க உள்ளவங்க கட்டாயப்படுத்த மாட்டாங்க.

அடுத்தது, சபையார் ஏன் இவ்வளவு பேசறாங்க. இது அந்த ஒரு சர்ச் கண்டுபிடிச்ச புதுமை இல்ல, ஜெபப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. 1549-ல கிரான்மர்ங்கற இங்கிலாந்து ஆர்ச்பிஷப் லத்தீன விட்டுட்டு ஜனங்க பேசற இங்கிலீஷ்ல ஜெபப் புத்தகம் போட்டதே, பீடத்துல நடக்கறத ஜனங்க தூரத்துல நின்னு வேடிக்க பாக்கற நிலம மாறணும்னுதான். 1662 புத்தகத்துல ஒரு விதி இருக்கு, குருவானவரோட சேர்ந்து வாங்க குறைஞ்சது மூணு பேராவது இல்லன்னா திருவிருந்தே நடத்தக்கூடாதுன்னு. ஆனா நடைமுறைல பல நூறு வருஷம் என்ன ஆச்சுன்னா, குருவானவர் வாசிப்பார், கிளார்க் ஒருத்தர் எல்லாருக்கும் பதிலா ஆமென் சொல்வார், ஜனங்க உக்காந்திருப்பாங்க. 1979-ல எபிஸ்கோபல் சர்ச் போட்ட புதுப் புத்தகம்தான் அத நிஜமா உடைச்சுது. ஞாயித்துக்கிழமைன்னா திருவிருந்துதான் பிரதான ஆராதனன்னு சொல்லிச்சு, பாடங்கள சபையார் வாசிக்கறத வழக்கமாக்கிச்சு, ஜனங்களோட ஜெபம்னு ஆறு மாதிரி வடிவம் குடுத்து நடுவுல அவங்கவங்க வாய் விட்டு வேண்டிக்கறதுக்கு இடம் விட்டுது. பெரிய நன்றி ஜெபத்தோட முடிவுல ஆமென்ங்கற வார்த்தைய முழுசா பெரிய எழுத்துல அச்சடிச்சிருக்காங்க, அது சபையோடது, குருவானவர் அத தனியா சொல்லி முடிச்சிட முடியாது. அதே புத்தகத்துல பின்னாடி வர்ற ஞானோபதேசத்துல "சபையோட ஊழியர்கள் யார்"னு ஒரு கேள்வி வருது, அதுக்குப் பதில்ல முதல்ல வர்றது சாதாரண விசுவாசிங்க, அப்புறம்தான் பிஷப், குருவானவர், டீக்கன். நான் இறையியல் படிக்கறப்போ இந்த வரிசைய பாத்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா நம்ம ஊர்ல ஐயர் (குருவானவரத்தான் அப்படிச் சொல்வோம்) வரலன்னா உபதேசியார், அவரும் வரலன்னா வீட்டுக்குப் போன்னுதான் பழக்கம்.

சமாதானம் சொல்ற நேரத்துல எல்லாரும் இடத்த விட்டு எந்திரிச்சு ஒருத்தர ஒருத்தர் தேடிப் போயி கை குடுக்கறாங்க, இது என்ன அமெரிக்க வழக்கமான்னு கேட்டிருந்தீங்க. பிரதர், அது நம்ம பக்கத்துல இருந்து போனது. மேற்கத்திய சபைல சமாதான முத்தம்ங்கறது காலப்போக்குல பீடத்துல இருக்கற குருமாருக்குள்ள மட்டும்னு சுருங்கிப் போச்சு, பல சீர்திருத்த சபைங்கள்ல இல்லாமயே போச்சு. ஆனா கேரளா சிரியன் கிறிஸ்தவங்க கைக்குக் கை அத ஜனங்க வரைக்கும் கடத்திட்டே வந்தாங்க. 1950-ல சிஎஸ்ஐ தன் புது திருவிருந்து ஆராதனைய உருவாக்கினப்போ அந்த வழக்கத்த எடுத்து உள்ள வெச்சாங்க, குருவானவர் பீடத்துக்குப் பின்னாடி நின்னு ஜனங்கள பாத்து நடத்தறதயும் வெச்சாங்க. ரோமன் கத்தோலிக்க சபைல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் கூடறதுக்கு பல வருஷம் முன்னாடி இது. உலகம் பூரா வழிபாட்டு அறிஞர்கள் அந்த ஆராதனைய உக்காந்து படிச்சாங்க, பின்னால வந்த ஆங்கிலிக்கன் புத்தகங்கள்ல அதோட சாயல் தெளிவாவே தெரியும். அதனால அந்த நேரத்துல நீங்க கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்ல, உங்க பாட்டி வீட்டுச் சாமான் அது.

இப்போ சான் பிரான்சிஸ்கோல இருக்கீங்கங்கறதால ஒரு இடத்தப் பத்தி விரிவா சொல்லியே ஆகணும், பொட்ரேரோ ஹில்ல இருக்கற செயின்ட் கிரெகரி ஆஃப் நிசா சர்ச். எல்லாரும் பங்கெடுக்கற வழிபாடுன்னு அமெரிக்கால யார் பேசினாலும் கடைசில இந்த சர்ச் பேச்சு வந்துடும். ரிக் ஃபேபியன், டொனால்ட் ஷெல்னு ரெண்டு குருமார் 1978-ல ஆரம்பிச்ச சபை, இப்போ இருக்கற கட்டடம் 1995-ல வந்தது. அந்தக் கட்டடத்தப் பாத்தாலே அவங்க என்ன நினைக்கறாங்கன்னு புரிஞ்சிடும். சாதாரணமா பழைய சர்ச்ல வாசல்ல ஞானஸ்நானத் தொட்டி, கடைசில பீடம், அதாவது முழுக்கு எடுத்துட்டு நடந்து போயி பந்தில சேருன்னு வரிசை. இங்க தலைகீழ். கதவத் திறந்த உடனே எட்டுமூலை மண்டபத்துக்கு நடுவுல திருவிருந்து மேசை, சுத்தி வேலி கிடையாது, படி கிடையாது. ஞானஸ்நானம் குடுக்கற தண்ணி அந்த மண்டபத்தத் தாண்டி கட்டடத்துக்கு வெளில பாறைல இருக்கு. முதல்ல சாப்பிடு, அப்புறம் விருப்பம் வந்தா முழுக்கு எடுன்னு சுவரே சொல்லுது. மேசைல லூக்கா 15:2 கிரேக்கத்துல பொறிச்சிருக்கு, இந்த ஆள் பாவிகளச் சேத்துக்கிட்டு அவங்களோட சாப்பிடறான்னு பரிசேயருங்க முறுமுறுத்த வசனம். இன்னொரு பக்கம் நினிவே ஈசாக்குங்கற சிரியன் துறவியோட வார்த்த, நம்ம ஆண்டவர் ஆயக்காரரோடயும் வேசிகளோடயும் பந்தியில உக்காரலயா, அதனால தகுதி உள்ளவன் இல்லாதவன்னு பிரிக்காதங்கற கருத்து.

மேல நிமிந்து பாத்தா மண்டபத்தச் சுத்தி தொண்ணூறு பேர் ஆடிக்கிட்டு இருக்கற ஓவியம், மார்க் ட்யூக்ஸ் வரைஞ்சது, ஆட்டத்த நடத்தறவர் கிறிஸ்து. அதுல பழைய பரிசுத்தவான்களோட காந்தி இருக்கார், மால்கம் எக்ஸ் இருக்கார், ஆன் ஃபிராங்க், ஜாஸ் வாசிச்ச ஜான் கோல்ட்ரேன், பாட்டுப் பாடின எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு எல்லாரும் இருக்காங்க. உங்க மனைவி முதல்ல அடையாளம் கண்டுபிடிக்கப் போற முகம் காந்தியாத்தான் இருக்கும். இதெல்லாம் ஓவர்னு சொல்றவங்களும் எபிஸ்கோபல் சபைக்குள்ளயே நிறைய, காந்தி கிறிஸ்தவர் ஆகவே இல்லயே, அவர் விருப்பம் கேக்காம நம்ம பரிசுத்தவான் வரிசைல நிறுத்தலாமான்னு. அந்தக் கேள்வில நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கறேன், ஆனாலும் அந்த ஓவியத்துக்குக் கீழ நின்னா கோவம் வர மாட்டேங்குது.

ஆராதன எப்படி நடக்கும்னா, எல்லாரும் மேசையச் சுத்தி கூடுவாங்க, அன்னிக்குப் பாடப் போற பாட்ட கொஞ்சம் பழகிப் பாப்பாங்க, ஆர்கன் கிடையாது, பெரும்பாலும் வாய்ப்பாட்டுத்தான். அப்புறம் இன்னொரு பகுதிக்குப் போவாங்க, அங்க நாற்காலிங்க ரெண்டு பக்கமும் எதிரெதிரா இருக்கும், அதனால முன்னாடி இருக்கறவர் பிடரியப் பாத்துட்டு உக்கார வேண்டாம், எதிர்ல இருக்கற மனுஷன் முகத்தப் பாக்கலாம். வேதபாடம் முடிஞ்சா மணி அடிச்சு மௌனம், நிஜமான நீள மௌனம், நம்ம ஊர்ல "சற்று நேரம் மௌனமாய் ஜெபிப்போம்"னு சொல்லிட்டு மூச்சு விடறதுக்குள்ள ஆமென் சொல்ற மாதிரி இல்ல. பிரசங்கி உக்காந்தே பேசுவார், முடிச்ச உடனே சபைல யார் வேணா எந்திரிச்சு அந்தப் பிரசங்கம் தன் வாழ்க்கைல எதத் தொட்டுதுன்னு சொல்லலாம். விவாதம் பண்றதுக்கோ பிரசங்கியத் திருத்தறதுக்கோ அது இடம் இல்ல, சொந்த அனுபவம் மட்டும். அப்புறம் முன்னாடி இருக்கறவர் தோள்ல கை வெச்சு வரிசையா, மூணு அடி முன்ன ஒரு அடி பின்னன்னு ஒரு பழைய நடைல பாடிக்கிட்டே மேசைக்கு ஆடிப் போவாங்க. திருவிருந்து முடிஞ்சு மறுபடி மேசையச் சுத்தி ஒரு ஆட்டம். அது முடிஞ்ச உடனே காபியும் பலகாரமும் அதே மேசைலதான் கொண்டு வந்து வெப்பாங்க, தனி ஹால் கிடையாது. முதல்ல கேட்டப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துது, பீடத்துல காபியான்னு. எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அந்த மேசையோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது அங்க நடக்கற ஃபுட் பேன்ட்ரியாலதான். சாரா மைல்ஸ்னு ஒரு பத்திரிகையாளர், சமையல் வேலையும் பாத்தவங்க, கடவுள் நம்பிக்கையே இல்லாத வீட்டுல வளந்தவங்க, சும்மா ஒரு நாள் உள்ள வந்தாங்க, ஞானஸ்நானம் இல்லாமயே அப்பத்த வாங்கினாங்க, அங்கயே தங்கிட்டாங்க, முழுக்கு எடுத்தது அப்புறம்தான். 2000-ல அவங்க ஆரம்பிச்சதுதான் இலவச மளிகை குடுக்கறது, அதுவும் பின்வாசல்ல இல்ல, அந்த மேசையச் சுத்தியே உருளக்கிழங்கும் அரிசியும் காய்கறியும் குவிச்சு வெச்சு. அட்ரஸ் ப்ரூஃப், வருமான சர்டிபிகேட் எதுவும் கேக்கறது இல்ல. முக்கியமானது என்னன்னா வாங்க வந்தவங்களே கொஞ்ச நாள்ல மூட்ட பிரிக்கறது, வரிசைய ஒழுங்கு பண்றதுன்னு வேலைக்கு வந்துட்டாங்க. ஆராதனைல பாக்கற அதே விஷயம்தான் இங்கயும், வாங்கறவன்தான் குடுக்கறவனும். பங்கெடுப்புன்னா நாலு பேருக்கு மைக் குடுக்கறதுன்னு நினைக்கற சபைங்க இந்த இடத்தத்தான் தவற விடறாங்க.

சரி, மனைவி வாங்கலாமாங்கற கேள்விக்கு வரேன், இதுல சட்டம் ஒண்ணு, வழக்கம் ஒண்ணு. எபிஸ்கோபல் சர்ச்சோட சட்டத்துல ஞானஸ்நானம் பெறாதவர் திருவிருந்து பெறத் தகுதியில்லன்னு ஒரே வரில தெளிவா இருக்கு. 2012 பொது மாநாட்டுல ஞானஸ்நானம்தான் திருவிருந்துக்குப் பழைய, முறையான வாசல்னு மறுபடி உறுதிப்படுத்தினாங்க. 2022-ல வட கலிபோர்னியா மறைமாவட்டம் அந்த வரிய எடுத்துடச் சொல்லி தீர்மானம் கொண்டு வந்துது, நிறைவேறல. அது சட்டம். வழக்கம் என்னன்னா, செயின்ட் கிரெகரி மாதிரி நிறைய சபைங்க வெளிப்படையாவே எல்லாருக்கும் குடுக்கறாங்க, உங்க பக்கத்து சர்ச்சும் அப்படித்தான் போல. அதுக்காக பிஷப் வந்து சர்ச்ச பூட்டறது இல்ல. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் வாங்கன்னு மட்டும் கூப்பிடற சபைங்களும் ஏராளம், அங்கயும் கைய நீட்டினவங்க கிட்ட வரிசைல நிறுத்தி விசாரிக்கறது கிடையாது. நான் பாத்திரம் பிடிச்சு நிக்கறவன், என் முன்னாடி வர்றவர் யாருன்னு கேக்கறது என் வேல இல்லன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

இதுல எது சரிங்கறது நிஜமாவே தீராத விஷயம், தீர்ந்த மாதிரி யார் பேசினாலும் நம்பாதீங்க. திறந்த மேசைக்காரங்க இயேசு யாரோட எல்லாம் சாப்பிட்டார்னு கேக்கறாங்க, கண்டிப்பா பலமான கேள்வி. எதிர்த்தரப்பு டிடாகேங்கற ரொம்பப் பழைய சபை ஏட்டக் காட்டறாங்க, கர்த்தருடைய நாமத்துல முழுக்கு எடுக்காத யாரும் இந்த நற்கருணைல சாப்பிடவோ குடிக்கவோ கூடாதுன்னு அதுல நேரடியாவே இருக்கு, அதுவும் பலமானதுதான். இயேசு பாவிகளோட சாப்பிட்ட சாப்பாடும் கடைசி இராப்போஜனமும் ஒரே வகையான பந்தியாங்கறதுலதான் மொத்த வழக்கும் நிக்குது. நம்ம திருநெல்வேலிச் சீமைல இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கோம், பாருங்க. அசனப் பண்டிகைல ஊர்ல யார் வந்தாலும் இலை போட்டு சோறு, எந்த மதம்னு கேட்டா கேட்டவனத்தான் திட்டுவாங்க, ஆனா அதே சர்ச்ல திருவிருந்துக்குத் திடப்படுத்தல் ஆனவங்க மட்டும். ரெண்டு பந்திக்கும் ரெண்டு விதி. செயின்ட் கிரெகரி பண்ணினது என்னன்னா அந்த ரெண்டையும் ஒரே மேசைல போட்டது. என் மனசு எந்தப் பக்கம்னா, கூப்பிடறப்போ "ஞானஸ்நானம் பெற்றவங்க"ன்னு சொல்லிக் கூப்பிடறதுதான் நேர்மைன்னு நினைக்கறேன், ஏன்னா அந்த அப்பத்த வாங்கறது ஒரு வாக்குக்குச் சம்மதம் சொல்ற மாதிரி, என்ன வாக்குன்னு சொல்லாமயே கையில குடுக்கறது விருந்தாளிக்கு மரியாத இல்ல. ஆனா கைய நீட்டினவங்கள மறுக்கறதும் என்னால முடியாது. இது ரெண்டும் முட்டுதுன்னு தெரியும், முட்டட்டும்.

அதனால உங்க மனைவிக்கு மூணு வழி, மூணுமே அங்க மரியாதையானதுதான். உக்காந்தே இருக்கலாம், பக்கத்துல இருக்கறவங்க வெளில போக காலக் கொஞ்சம் ஒதுக்கினா போதும், உத்துப் பாக்க மாட்டாங்க. உங்க கூடவே முன்னாடி வந்து ரெண்டு கையையும் மார்புல குறுக்கா வெச்சுக்கிட்டா குருவானவர் தலைல கை வெச்சு ஆசீர்வாதம் மட்டும் சொல்வார், இது எல்லா எபிஸ்கோபல் சர்ச்லயும் தெரிஞ்ச சைகை. மூணாவது, அந்த சபை வெளிப்படையா எல்லாரையும் கூப்பிடுதுன்னா அவங்க வாங்கிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி குருவானவர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசிட்டு, இது அந்த சபைக்கு என்ன, தனக்கு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு. உங்க முகத்தப் பாத்து முடிவு பண்ணாம அவங்களா பண்ணட்டும், இதுல அவங்கதான் விருந்தாளி. வாங்கினா மதம் மாறிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, எந்த ரெஜிஸ்டர்லயும் பேர் ஏறாது.

வரவேற்பு நிஜமாங்கறதுக்கு ஒரே பதில் கிடையாது, ஏன்னா இந்த சபையோட பழைய கணக்கு அவ்வளவு சுத்தம் இல்ல. பத்தொம்பதாம் நூற்றாண்டுல எபிஸ்கோபல் சர்ச்ல பென்ச்ச வாடகைக்கு விட்டாங்க, காசு உள்ளவனுக்கு முன்வரிச, இல்லாதவனுக்கு ஓரமோ மாடியோ. வில்லியம் அகஸ்டஸ் மூலன்பெர்க்ங்கறவர் 1846-ல நியூயார்க்ல பென்ச் வாடகையே இல்லாத சர்ச் திறந்தது அந்தக் காலத்துல பெரிய சமாச்சாரம். கறுப்பின மக்கள் விஷயம் இன்னும் மோசம். ஃபிலடெல்பியால அப்சலோம் ஜோன்ஸ்னு ஒருத்தர், அடிமையாப் பொறந்து பின்னால விடுதலை ஆனவர், ஒரு மெதடிஸ்ட் சர்ச்ல முழங்கால்ல நின்னு ஜெபிக்கறப்போவே எந்திரின்னு இழுத்தாங்க, கறுப்பருங்க மொத்தமா வெளில வந்தாங்க. அவர் தலைமைல ஆப்பிரிக்க செயின்ட் தாமஸ் சர்ச் உருவாகி எபிஸ்கோபல் சபைல சேர்ந்துது, பின்னால அவர் எபிஸ்கோபல் சபையோட முதல் கறுப்பின குருவானவர் ஆனார். சேத்துக்கிட்டாங்க, ஆனா மறைமாவட்டக் கூட்டத்துல உக்காந்து ஓட்டுப் போட அந்த சபைக்குப் பல பத்து வருஷம் இடம் குடுக்கல. உள்ள விடறது வேற, பங்கு குடுக்கறது வேறங்கறதுக்கு இதவிட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நம்ம ஊர் சர்ச்ல சாதி பாத்து பென்ச் போட்ட கதைய நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

அதே சமயம் நல்ல பக்கமும் கற்பன இல்ல. நியூயார்க் ஹோலி அப்போசல்ஸ் சர்ச்ல 1982-ல இருந்து பசிச்சவங்களுக்கு மதியச் சாப்பாடு போடறாங்க, 1990-ல சர்ச் தீப்பிடிச்சு எரிஞ்சு திரும்பக் கட்டறப்போ பழைய மாதிரி அசைக்க முடியாத பென்ச்ச போடாம ஆராதன நடக்கற அதே கூடத்துலயே மேசை போட்டு சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க. பாஸ்டன்ல 1990-கள்ல ஆரம்பிச்ச காமன் கதீட்ரல்னு ஒண்ணு, கட்டடமே கிடையாது, பாஸ்டன் காமன் பூங்கால திறந்த வெளில ஆராதன, வர்றவங்க பெரும்பாலும் தெருவுல தங்கறவங்க, சுவிசேஷம் வாசிச்ச பிறகு அவங்கதான் அதப் பத்திப் பேசுவாங்க. கூட்டம் குறையறது உண்மைதான், எல்லா பழைய அமெரிக்க சபைக்கும் அந்தக் கவல இருக்கு, புது ஆள் வந்தா கண்ணு மின்னறதயும் நான் பாத்திருக்கேன். அதுக்காக எல்லாத்தையும் ஆள் பிடிக்கறதுன்னு தள்ளிட முடியாது.

வாசல்ல நிக்கறவன் கண்ணுல எது நிஜம்னு எப்படித் தெரியும்னு கேட்டா, சிரிப்ப பாக்காதீங்க, காகிதத்தப் பாருங்க. ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம், புலெட்டின், தனியா ஒரு சங்கீதத் தாள்னு நாலு கைல குடுத்துட்டு பக்கம் சொல்லாம வேகமா ஓட்டற சர்ச், வாசல்ல "எபிஸ்கோபல் சபை உங்களை வரவேற்கிறது"ன்னு எவ்வளவு பெரிய போர்டு வெச்சாலும், பழகினவனுக்குத்தான் ஆராதன நடத்துது. முழு ஆராதனயும் ஒரே புலெட்டின்ல அச்சடிச்சு, எப்போ நிக்கணும், முடியாதவங்க உக்காந்துக்கலாம், திருவிருந்துக்கு எப்படி வரணும்னு அதுலயே எழுதியிருந்தா, அந்நியன் ஒருத்தன் வருவான்னு யோசிச்சு யாரோ வேல பாத்திருக்காங்கன்னு அர்த்தம். அடுத்தது, புதுசா வந்தவங்கள எந்திரிச்சு நின்னு பேர் சொல்லச் சொல்றாங்களா. பாசமாத்தான் பண்றாங்க, ஆனா கூச்ச சுபாவம் உள்ளவங்க அடுத்த வாரம் வர மாட்டாங்க. பங்கெடுப்புங்கற பேர்ல ஆள ஆட வைக்கறதும் ஒரு விதமான விரட்டறதுதான், செயின்ட் கிரெகரிலயே ஆடாம ஓரமா நிக்கறவங்க உண்டு, மூட்டு வலிக்காரங்க உண்டு, அவங்கள விட்டுடறாங்களாங்கறதுலதான் அந்த ஆட்டத்தோட தரமே இருக்கு. எல்லாத்தையும்விட, மூணாவது நாலாவது தடவ போறப்போ யாராவது உங்ககிட்ட ஏதாவது வேல கேக்கறாங்களான்னு பாருங்க, பாடம் வாசிக்க முடியுமா, காபி போட வர்றீங்களான்னு. உங்க மனைவிகிட்ட கேக்கறாங்களான்னு குறிப்பா பாருங்க. காபி குடிச்சீங்களான்னு கேட்டுட்டு தன் ஃப்ரெண்டோட பேசப் போயிடற சபையும் இருக்கு, அங்க நீங்க பத்து வருஷம் போனாலும் விசிட்டர்தான். (காபி நல்லா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, அது எந்த மறைமாவட்டத்துலயும் நடக்காது.)

அடுத்த ஞாயிறுக்கு முன்னாடி சர்ச் ஆபீஸுக்கு ஒரு ஈமெயில் போட்டு, நான் சிஎஸ்ஐ, மனைவி இந்து, மகள் ஞானஸ்நானம் பெற்றவ, திருவிருந்து விஷயத்துல உங்க வழக்கம் என்னன்னு நேராவே கேட்டுடுங்க, இதுக்கெல்லாம் கோவப்பட மாட்டாங்க, இங்க சர்வசாதாரணமா வர்ற கேள்வி. வாங்கறப்போ வலது கைய இடது கை மேல விரிச்சு வெச்சா அப்பத்த உள்ளங்கைல வைப்பாங்க. பாத்திரத்துல இருக்கறது நம்ம பல சர்ச்ல குடுக்கற திராட்சச் சாறு இல்ல, நிஜ வைன், அதனால மகளுக்கு வேண்டாம்னா அப்பம் மட்டும் வாங்கி அவ நகந்து வந்துடட்டும், ஒண்ணு வாங்கினாலே முழுசா வாங்கினதுதான்னு இந்த சபையோட போதனை. உங்களுக்கும் பொதுப் பாத்திரத்துல வாய் வைக்க யோசனையா இருந்தா அதேதான், பாத்திரம் வர்றப்போ அத மெல்லத் தொட்டுட்டு விட்டுடுங்க, என்னை மாதிரி ஆளுங்க புரிஞ்சுக்கிட்டு அடுத்தவருக்கு நகந்துடுவோம்.